மார்கழிக்குத் தாங்கும் கேபிள்

டிசம்பர் 11, புதன்

இன்றைக்கும் கேபிள் போய்விட்டது. குளிர் ஆரம்பித்ததிலிருந்து இது மூன்றாவது.

பேரண்டப்பள்ளிக் காடு வரைக்கும் சார்ஜ் நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அருணா ஸ்பீக்கரில் பேசிக்கொண்டு வந்தாள். "எங்கப்பா நேத்து ராத்திரி சாப்பிடறப்ப ஒரு பேச்சு எடுத்தாரு" என்றாள். என்ன பேச்சு என்று கேட்பதற்குள் போன் கறுப்பாகிவிட்டது. கேபிளை ஆட்டினேன், கழற்றி ஊதினேன், திருப்பிச் செருகினேன், கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன். எதற்கும் மசியவில்லை.

பின் சீட்டில் மாதேஷ் குரங்குக் குல்லாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் என்னோடு க்வாலிட்டி டிபார்ட்மென்டில் இருப்பவன், சூளகிரியில் எனக்கு எதிர் வீடு. பெட்ரோலில் பாதி அவன் போடுகிறான், அதனால் என் காதலில் பாதியும் அவன் காதில் விழுகிறது.

பார்க்கிறவர்களுக்கு இது வெறும் கேபிள். எனக்கு இது ஒரு நாளின் அரை மணி நேரம். வேறு அரை மணி நேரம் எங்களுக்குக் கிடையாது. அருணா பேரிகையில் வீட்டை விட்டுக் கிளம்பி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்து, கம்பெனி பஸ் வருகிற வரைக்கும்தான் தனியாக இருக்கிறாள். பஸ்ஸில் எல்லாம் ஊர்ப் பெண்கள். அவள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வீட்டில் அப்பா, அம்மா, தம்பி. நான் சூளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குக் காரில் போகிற நேரமும் அதுதான்.

என் போனின் பேட்டரி கிழம். வீட்டில் நூறு காட்டும், வெளியே கொண்டுவந்தால் குளிரில் கார் கதவைத் திறப்பதற்குள் பாதியாகிவிடும். கேபிள் இல்லாவிட்டால் இரண்டு ஹலோவுக்குத்தான் தாங்கும். புது போன் வாங்கேன் என்கிறான் மாதேஷ். கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "யாரு கல்யாணத்துக்கு?" என்று கேட்டான். பவர் பேங்க் வாங்கு என்கிறார்கள். பவர் பேங்கிலிருந்து போனுக்குக் கரண்ட் காற்றிலா வரும்? அதற்கும் கேபிள்தானே.

டிசம்பர் 12, வியாழன்

ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடை. "குளிருக்குத் தாங்குமா?" என்று கேட்டேன். கடைக்காரர் கேபிளை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, "யானையக் கட்டலாங்க இதுல" என்றார். பேரண்டப்பள்ளியில் நிஜமாகவே யானை ரோட்டைக் கடக்கிறது. பார்ப்போம்.

டிசம்பர் 14, சனி

யானை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

அதற்கு முன் விஷயம் தெரிந்துவிட்டது. "நாகரசம்பட்டியில ஒரு எடமாம். மாந்தோப்பு இருக்குதாம். பையன் பேங்குல வேல பாக்கறானாம்" என்றாள் அருணா. "ம்" என்றேன். "ம்முன்னா என்னா அர்த்தம்? நீ எப்ப எங்கப்பாவ வந்து..." அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏறிய பிறகு மெசேஜ் போட்டிருக்கிறாள். கம்பெனியில் போய்ச் சார்ஜ் போட்ட பிறகுதான் பார்த்தேன். "கார் முழுக்க ஒயர் போட்டுக் குடுக்கற கம்பெனில வேல. உனக்கு ஒரு முழம் ஒயர் வாங்கத் தெரியல."

நியாயமான கேள்விதான். போன வருஷம் வரைக்கும், மாதேஷ் வந்து சேர்வதற்கு முன், அவளும் எங்கள் கம்பெனியில்தான் இருந்தாள். எங்கள் ஒயர் எத்தனை சோதனை தாண்டி வெளியே போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தேன். என் கார் நாலு பேர் கை மாறி வந்தது. இடது பக்கக் கண்ணாடி மேலே ஒரு விரல் அளவுக்கு மூடாது. அந்தச் சந்து வழியாக வருகிற காற்று நேராக கியர் மேல் அடிக்கும். கேபிள் கிடப்பது அங்கேதான். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், விறைத்தால் பின்னை ஒட்டிய கழுத்தில் உடையும். குளிர்தான். சந்தேகமே இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. எனக்கு ஒரு மாதம் ஆயுள் நீட்டிப்பு.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "மார்கழில கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாதே" என்றேன்.

"அஷ்டமியில கார் வாங்கினவன்தானே நீ?"

"அது ஆஃபர் முடியுதுன்னு..."

"சரி, பேச வேணாம். தை பொறந்ததும் எந்த நாள் வருவ? அத மட்டும் சொல்லு. மொத ஞாயித்துக்கெழம நாகரசம்பட்டிக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள். தேதி சொல்லு, நான் எங்கம்மா காதுல போட்டு வெக்கறன்."

"தேதின்னா..." என்றேன். போன் கறுத்தது. புது கேபிள், சனிக்கிழமை சாயங்காலம் மாற்றியது. சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை.

மாதேஷ் குல்லாவைத் தூக்காமலே, "அஞ்சாவது" என்றான்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஆன்லைனில் ஒரு கேபிள் ஆர்டர் போட்டேன். நைலான் பின்னல். 'கடுங்குளிர்ப் பிரதேசங்களுக்கு ஏற்றது.' படத்தில் ஒரு பனிமலை, ஒரு கார், ஒரு சடை நாய்.

டிசம்பர் 19, வியாழன்

பனிமலைக் கேபிள் நேற்றே வந்துவிட்டது. அதைக் குளிரவிடாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, ராத்திரி காரில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். மாதேஷின் மனைவி ரேவதி தன் குழந்தையின் பழைய காலுறை ஒன்றைக் கொடுத்தாள். விரல் பக்கத்தை வெட்டிவிட்டுக் கேபிளுக்கு மாட்டியாயிற்று. மஞ்சள் நிறம், வாத்துப் படம் போட்டது.

அருணாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒயருக்கு சாக்ஸ் போட்டு, கட்டிப்பிடிச்சுட்டு தூங்கினியா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கு ஒரு தேதி சொல்ல முடியல உன்னால" என்றாள்.

பின் சீட்டிலிருந்து ஒரு இருமல். தூங்குகிறவன் இருமுகிற இருமல் இல்லை அது.

டிசம்பர் 21, சனி

பனிமலை போயிற்று. வாத்தும்.

டிசம்பர் 23, திங்கள்

இன்று லேபில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஒயர்களைக் குளிரில் சோதிக்க ஒரு பெட்டி இருக்கிறது. பார்க்க அலமாரி மாதிரி இருக்கும், உள்ளே சைபீரியா. பனிமலைக் கேபிளில் இன்னொன்று வாங்கி, கஸ்டமர் சாம்பிள்களுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் தொங்கவிட்டிருந்தேன். மத்தியானம் திறந்தவர் எங்கள் மேனேஜர் ஸ்ரீராம் சார்.

"இது எந்தக் கஸ்டமர் பார்ட்?" என்று கேட்டார்.

"டெவலப்மென்ட் சார்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்கு சார்."

பெட்டிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். மெதுவாகச் சாத்தியதுதான் பயமாக இருக்கிறது.

ஆனால் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விறைத்துப் போயிருந்ததை வளைத்தேன், மடக்கினேன், முனையைப் பிடித்து ஆட்டினேன். சார்ஜ் நின்றபாடில்லை. சைபீரியாவைத் தாங்குகிற சாமான் சூளகிரியைத் தாங்க மாட்டேன் என்கிறதே, இது என்ன நியாயம்?

டீ நேரத்தில் மாதேஷோடு உட்கார்ந்து முறைப்படி ஆராய்ந்தோம். பொருள்? நல்ல பொருள். சார்ஜர்? மாற்றிப் பார்த்தாயிற்று. சூழ்நிலை? குளிர், ஆனால் லேபில் பாஸ். "ஆள்?" என்றான் மாதேஷ். ஆள் தப்பு என்று எழுதினால் ஆடிட்டர் ரிப்போர்ட்டைத் தூக்கி முகத்தில் அடிப்பார், வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான் என்றேன். அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்தோம். டீ ஆறிவிட்டது.

டிசம்பர் 25, புதன்

லீவு. அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா போன். சுவரில் சார்ஜ் போட்டுக்கொண்டு பேசினேன், கட் ஆகவில்லை. கட் ஆகியிருக்கலாம்.

"ஒரு பொண்ணு போட்டோ அனுப்பிருக்கேன், பாத்தியாய்யா?"

"மார்கழி முடியட்டும்மா."

"போட்டோ பாக்கதுக்கு என்னய்யா மார்கழி?"

ஒரே வாக்கியத்தை இரண்டு பெண்களிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் நம்பவில்லை. அருணாவைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

இன்று அவள் கோபமாகப் பேசவில்லை. அதுதான் மோசம்.

"ஒரே ஒரு கேள்வி. எங்கப்பாகிட்ட வந்து பேசற எண்ணம் உனக்கு இருக்குதா இல்லையா? இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் கோச்சுக்க மாட்டன்."

இருக்குது என்று சொல்லத்தான் போனேன். சத்தியமா. வாய் வரைக்கும் வந்துடுச்சு. போன் ஆஃப்.

வண்டியை ஓரமா நிறுத்தி மாதேஷ் போனை வாங்கிக் கூப்பிட்டேன். எடுக்கல. தெரியாத நம்பர்னா அவ எடுக்க மாட்டா. எனக்கு அது தெரியும், இருந்தாலும் நாலு தடவை கூப்பிட்டேன். லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடிச்சுட்டே போனான்.

கம்பெனிக்குப் போய்ச் சார்ஜ் போட்டதும் மெசேஜ் வந்தது. "கேபிள்தானே. சரி."

எவன் கண்டுபிடித்தான் இந்தக் கேபிளை.

டிசம்பர் 28, சனி

கூப்பிடவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. போனில் சார்ஜ் நூறு. எதற்கு?

ஜனவரி 1, புதன்

புத்தாண்டு வாழ்த்து அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டுகிறது. ஸ்ரீராம் சாரும் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். "இந்த ஆண்டு உங்கள் டெவலப்மென்ட் வெற்றி பெறட்டும்."

ஜனவரி 2, வியாழன்

காலையில் பயங்கரப் பனி. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தோம். இந்த மார்கழியிலேயே அதிகக் குளிர் இன்றுதான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கண்ணாடிச் சந்து வழியாக அடித்த காற்றில் என் இடது காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிப்காட் திரும்புகிறபோதுதான் அது உறைத்தது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றிய கேபிள். ஒரு வாரமாக நன்றாக இருக்கிறது. அதே குளிர், அதே கார், அதே சந்து. மலிவான கேபிள் வேறு, யானையைக் கட்ட முடியாத கேபிள். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. அருணா பேசவில்லை.

"அவ பேசினா அறுந்து போவுது, பேசலன்னா நல்லா இருக்குது" என்றேன் மாதேஷிடம்.

"அவங்க பேச்சு அவ்ளோ சூடா?" என்றான். பிறகு சீரியஸாக, "நேர்ல பாக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு லைன்ல எல்லாருக்கும் கிளாஸ் எடுக்கறியே. உன் கேபிள நீ நேர்ல பாத்தியா மச்சா? நீ ரோட்டப் பாத்துட்டு இருந்த. அடுத்த தடவ அவங்க கூப்படறப்ப நான் வீடியோ எடுக்கறன்" என்றான்.

கூப்பிட்டால்தானே.

ஜனவரி 3, வெள்ளி

கூப்பிட்டாள்.

"சொல்றதுக்குத்தான் கூப்ட்டன். நாகரசம்பட்டிக்காரங்க வர்றது உறுதி ஆயிடுச்சு. எங்கம்மா புதுப் பொடவ எடுத்துட்டு வந்துட்டாங்க" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னாள். "எங்கப்பாகிட்ட நான் என்னா சொல்லட்டும்?" என்று கேட்டாள். எங்கேயோ சேவல் கூவிற்று. "பதில் சொல்லு மோகன்."

ஆஃப்.

கேன்டீனில் மாதேஷ் வீடியோவைக் காட்டினான். அவன் போனில், தயிர் சாதத்துக்குப் பக்கத்தில். கேபிளும் கியரும் மட்டும் தெரிகிற மாதிரி பின்னாலிருந்து எடுத்திருக்கிறான். முதலில் ஒன்றும் இல்லை. கேபிள் சும்மா கிடக்கிறது, கியர் மேல் என் இடது கை. 'நாகரசம்பட்டி' என்று அருணாவின் குரல் வந்ததும் கை எழுந்திருக்கிறது. பாம்பு மாதிரி போய்க் கேபிளைப் பிடிக்கிறது. 'புதுப் பொடவ' என்றதும் ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று. 'எங்கப்பா' என்றதும் இரண்டு சுற்று. 'என்னா சொல்லட்டும்' என்றதும் விரல் நுனி வெளுக்கிற வரைக்கும் இறுக்குகிறது. 'பதில் சொல்லு' என்றாள். கழுத்தைப் பிடித்து ஒரு திருகு.

அது என் கை. என் வாட்ச். நான் அப்படிச் செய்ததே எனக்குத் தெரியாது.

எந்தத் தப்புக்கும் அஞ்சு தடவை 'ஏன்' கேட்க வேண்டும் என்பது எங்கள் க்வாலிட்டி விதி. மாதேஷ் ஆடிட்டர் குரலில் ஆரம்பித்தான். "கேபிள் ஏன் போச்சு?"

"முறுக்கினதால."

"ஏன் முறுக்கின?"

"கை சும்மா இருக்கல."

"ஏன் சும்மா இருக்கல?"

"அவ கேள்வி கேட்டா."

"கேள்வி கேட்டா வாயிலதானே பதில் சொல்லணும், கைல ஏன் சொன்ன?"

"வாய்ல வரல" என்றேன். "அஞ்சாவது ஏன் பாக்கி இருக்குது. அத நீயே வெச்சுக்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அஞ்சாவதை இங்கே எழுதுகிறேன், வேறு எங்கே எழுத. பயம்தான். அருணா அப்பாகிட்ட போய்க் கேட்டு, அவர் இல்லைன்னு சொல்லிட்டா? கேட்காத வரைக்கும் காலையில அரை மணி நேரமாவது என்னோடது. கேட்டுட்டா அதுவும் போயிடும். அதுக்குத்தான் மார்கழின்னேன், குளிருன்னேன். அவ என்னைப் பொய் சொல்றான்னு நினைச்சா. இல்ல அருணா, நான் பொய் சொல்லல. கேபிள் நெஜமாவே போச்சு. நான்தான் போக்கினேன்.

ஆள் தப்புதான். ஆடிட்டர் தூக்கி அடிக்கட்டும்.

ஜனவரி 4, சனி

வீடியோவை அவளுக்கு அனுப்பினேன். கூடவே, "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்."

சாயங்காலம் வரைக்கும் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "மார்கழி."

"தெரியும்" என்று போட்டேன்.

"அந்தக் கைய வீட்டுல வெச்சுட்டு வா."

ஜனவரி 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேரிகை சந்தையைத் தாண்டி, தக்காளித் தோட்டத்துக்கு முன்னால் வீடு. வாசலில் ஒரு சின்ன லோடு வண்டி. அருணாவின் அப்பா திம்மராயன் அதன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே எதையோ தட்டிக்கொண்டிருந்தார். தலையில் மஃப்ளர். நான் யாரென்று அருணா அம்மாவிடம் சொல்லி, அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"ஐயா, நான் ஒரு விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

கையைத் தூக்கிவிட்டார். "தம்பி, இது மார்கழி. நல்ல பேச்சு எதையும் எடுக்கக் கூடாது. வேற ஏதாவது பேசுங்க."

வேறு என்ன பேசுவது? மூன்று வாரமாக நான் சொன்ன அதே சாக்கு, இப்போது என் வாயையே அடைத்துவிட்டது. ஜன்னல் பக்கம் பார்த்தேன். அருணா நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியாது.

அவரே பேசினார். "எந்த ஊரு?" அருப்புக்கோட்டை என்றேன். முகம் கொஞ்சம் இறங்கிற்று. "தூரம்." பிறகு, "வேல விஷயமாத்தான் கேக்கறன், வேற ஒண்ணுமில்ல. வேல முடிஞ்சா ஊருக்குப் போயிடுவீங்களா?"

"இல்லைங்க. சூளகிரிலதான்."

"சூளகிரிலேர்ந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அரை மணிங்க."

"மழைலயும்?"

"மழைலயும் அரை மணிதாங்க."

தலையாட்டினார். பிறகு வண்டிக்குள் கையை விட்டு எதையோ உருவி என் கையில் கொடுத்தார். ஒரு சார்ஜர் கேபிள். கழுத்தெல்லாம் கறுப்பு டேப் சுற்றியது.

"ஒயர் கம்பெனின்னு சொன்னாங்க. விடியறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குப் போறன், அந்த நேரத்துல இது நிக்கறதே இல்ல. எத்தனையோ மாத்திட்டன். குளிருங்கறான் கடைக்காரன். குளிர்தானே?"

ஆமாங்க, குளிர்தான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அதுதான் பிடித்திருக்கும். ஆனால் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே திருகுத் திருகாக உள் கம்பி ஒடிந்திருந்தது. என் கேபிள்களில் நான் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அதே ஒடிவு.

"குளிர் இல்லைங்கய்யா."

"பின்ன?"

"கைங்க. நீங்கதான் முறுக்கறீங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் நாகரசம்பட்டி மாந்தோப்பு முழுக்கப் பூத்துக் காய்த்துப் பழுத்துவிட்டது. கதவருகில் காபியோடு நின்ற அவர் மனைவி வெள்ளையம்மாதான் வாயைத் திறந்தார்.

"நான் சொன்னா நம்பல. மார்க்கெட்ல வெல சொல்ற வரைக்கும் அதப் புடிச்சு முறுக்கிட்டே உக்காந்திருப்பாரு. அருணாவுக்கு எடம் வந்ததுலேர்ந்து இன்னும் ஜாஸ்தி."

"நுவ்வு ஊருகோ" என்று அவர் தெலுங்கில் அதட்டினார். அந்த அம்மா வாயை மூடிக்கொள்ளவில்லை, காபியை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் திம்மராயன்.

"என் கையும் அப்படித்தாங்க. பயம் வந்தா அதைத்தான் பிடிக்குது."

"என்னா பயம்?"

அருணா நின்ற ஜன்னலைப் பார்த்தேன். மார்கழி.

அவர் கேபிளை வாங்கி, பழக்கத்தில் விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். தானே பார்த்துவிட்டு, மெதுவாகப் பிரித்து வண்டி மேல் வைத்தார். நான் காபியைக் குடித்து முடித்தேன். கிளம்புகிறபோது கார் வரைக்கும் வந்தார்.

"தை மொத ஞாயித்துக்கெழம ஆளுங்க வர்றதா இருந்துது. அவங்களுக்கு நான் சொல்லிக்கறன். நீங்க உங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க." ஒரு அடி போய்த் திரும்பி, "இது அந்தப் பேச்சு இல்ல. சாப்பாட்டுக்குக் கூப்படறன், அவ்ளோதான்" என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "மார்கழி முடியலையேய்யா, என்ன திடீர்னு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் கட் ஆகவில்லை.

ஜனவரி 6, திங்கள்

இனிமேல் போன் மாதேஷ் கையில். கேபிளைப் பின் சீட்டுக்கு இழுத்துவிட்டோம், என் கை எட்டாது. குல்லாவும் இல்லை, நடிப்பும் இல்லை. "வணக்கங்க, நான் மாதேஷ். ஒரு வருஷமா கேட்டுட்டிருக்கன்" என்று அருணாவிடம் அறிமுகம் செய்துகொண்டான்.

ஜனவரி 14, செவ்வாய்

தை பிறந்தது. இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பூ வைத்துவிட்டோம். சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள், இருந்தாலும் அம்மா தாம்பூலத் தட்டோடுதான் வந்தாள், அங்கேயும் தட்டோடுதான் நின்றார்கள். அருணா புதுப் புடவையில் இருந்தாள். நாகரசம்பட்டிக்காக எடுத்த புடவைதான், வீணாக்குவானேன் என்றாள். திரும்பி வரும்போது முன் சீட்டில் அம்மா. "ஏன்யா, இந்தக் கண்ணாடி மூடாதா? எப்படிக் குளிருது" என்றாள். எனக்குக் குளிரவே இல்லை.

மார்ச் 12, புதன்

வெயில் வந்துவிட்டது. விடியற்காலையிலேயே வேர்க்கிறது. கண்ணாடிச் சந்து இப்போது வசதியாக இருக்கிறது.

இப்போதெல்லாம் அருணாவுக்கு முன்னால் மாமா கூப்பிடுகிறார், மார்க்கெட்டில் வண்டிக்குள் உட்கார்ந்தபடி. முதலில் தக்காளி நிலவரம், பிறகு, "ஒயரு நிக்குது தம்பி. கைய மடில வெச்சுக்கறன்." ஜனவரியில் நான் வாங்கிக் கொடுத்த கேபிள் அது. நேற்று வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்று காலை, "ஐயர் ரெண்டு தேதி குடுத்திருக்காரு. ஒண்ணு சித்திரைல, ஒண்ணு வைகாசில" என்றார்.

"உங்களுக்கு எது வசதிங்க மாமா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னா, எது வேணா... சித்திரைன்னா இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது. பாப்பா..."

கட் ஆகிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மாதேஷும் நானும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் அருணா கூப்பிட்டாள். "எங்கப்பா மார்க்கெட்ல யார்கிட்டயோ போன் வாங்கிக் கூப்ட்டாரு. கேபிள் போயிடுச்சாம்."

"குளிரா?" என்றேன்.

"ஆமாம், இங்க பஸ் ஸ்டாப்புல வேர்த்து ஊத்துது" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். நடுவில் குரல் மாறிவிட்டது. மாதேஷ் போனை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பிடித்தான்.

"வைகாசியே இருக்கட்டும்" என்றேன்.

"எங்கப்பாகிட்ட நீயே சொல்லு" என்றாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையில் கேபிள் கேட்டேன். "குளிருக்குத் தாங்குமான்னு கேப்பீங்களே, இன்னைக்குக் கேக்கலியே" என்றார் கடைக்காரர். இருப்பதிலேயே நீளமாக ஒன்று கொடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். வைகாசி வரைக்கும் அவர் சுற்றிக்கொள்ள இடம் வேண்டும்.